வெல்டுக்குப் பக்கத்தில்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில்
மூன்றாம் கியரில் இறங்கும்போது
பின்னால் யாரோ தும்மியது போல ஒரு சத்தம்.
பின்னால் யாருமில்லை.
இருபத்தெட்டு கிலோ பார்சல்,
அதில் பாதி
யார் வீட்டு பாத்ரூமுக்கோ போகும் டைல்ஸ் மாதிரிகள்.

அதன்பின் வண்டி என் சொல்லைக் கேட்டது.
வண்டியின் இடுப்பு கேட்கவில்லை.

சிவாஜி நகரில் நயாஸ் கடைக்குப் பலகை கிடையாது.
ஷட்டரில் சாக்பீஸால் எழுதிய போன் நம்பர்,
அதிலும் ஓர் இலக்கம் அழிந்திருந்தது.
முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கினான்.
"இல்லேன்னா உள்ளே கம்ப்யூட்டர் செத்துடும் பாய்."
பெட்டியைக் கழற்றி, சீட்டைக் கழற்றி,
நட்டுகளை ஒரு டீத் தட்டில் போட்டு
என் கையில் தந்தான்.

இடது குழாயில்,
ஷாக் அப்சார்பர் மாட்டும் காதுக்கு மேலே
ஒரு முடி.
முடி என்றுதான் நினைத்தேன்.
நகத்தால் எடுக்கப் போனேன்,
வரவில்லை.

வண்டி என்னுடையதில்லை என்று
அவனிடம் சொல்லவில்லை.
எபினேசர் மச்சானுடையது. மஸ்கட் போகும்போது
மாதம் மூவாயிரம் பேசிக் கொடுத்தார்.
ஆர்.சி. இன்னும் அவர் பேரில்.
"ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன்டா."
வெள்ளிக்கிழமை விடிகாலை இறங்குகிறார்.
இறங்கியதும் வண்டியைத்தான் தடவிப் பார்ப்பார்,
அக்காவை அப்புறம்தான்.

கிரைண்டர் கத்தியது.
கறுப்பு உரிந்தது, அதற்கடியில் சிவப்பு பிரைமர்,
பிரைமருக்கு அடியில்
இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில்
புழு நெளிந்தது போல ஒரு பழைய வெல்டு.

நயாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
"இது யார் செஞ்சது?"

தட்டில் நட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன.
நான்தான் ஆட்டியிருக்கிறேன்.

"வெல்டு பிடிச்சிருக்கு, பாரு, அதுல குத்தமில்லே.
பக்கத்துல விட்டிருக்கு.
சூடு பட்ட இடம். எப்பவும் அங்கேதான் விடும்."

விரிசல் முடியும் நுனியைத் தேடி
அங்கே ஒரு துளை போட்டான்.
உடைந்ததை மேலும் உடைப்பதா?
"ஓடுறவனுக்கு முட்டுச்சந்து வைக்கணும் பாய்."
வட்டத்துக்கு நுனி கிடையாதாம்,
நுனி இல்லாமல் விரிசல் நகராதாம்.

தகட்டை இலை வடிவில் வெட்டினான்.
சதுரமாக வெட்டினால்
மூலை பார்த்து மறுபடி விடுமாம்.
மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு,
பொறுத்திருந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
ஒரேயடியாக ஓட்டினால் வண்டி கோணிக்கொள்ளும்.
"கண்ணை மூடு."
மூடினேன். இமைக்குள்ளும் நீலம்.

நூல் பிடித்து அளந்தான்.
இடதுக்கும் வலதுக்கும் இரண்டு மில்லி.
"உன் கால் ரெண்டையும் அளந்தா இதைவிட அதிகம் வரும்."

தண்ணீர் ஊற்றப் போனேன்,
மணிக்கட்டில் தட்டினான்.
"தானா ஆறணும்."

ஆறும்வரை எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.
எதிர்க்கடையில் ஒருவர்
சைலன்சர்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு கறுப்பு ஸ்பிரே டப்பாவை எடுத்துக் குலுக்கினான்.
உள்ளே குண்டு உருண்டது.
"அடிச்சா ஒண்ணுமே தெரியாது."
இதே சத்தத்தை மச்சானும்
ஏதோ ஒரு கடை வாசலில் நின்று கேட்டிருப்பார்.
அப்போது எங்கே பார்த்துக்கொண்டு நின்றாரோ.

"வெள்ளை இருக்கா?" என்றேன்.

இருந்தது. பால் வண்டிக்கு அடித்த மிச்சம்.
கறுப்பு உடம்பில் உள்ளங்கை அகலம் வெள்ளை.
இனி ஒரு முடி விழுந்தாலும்
அதில் தெரியும்.

எண்ணூறு ரூபாய்.
சீட்டு பழைய இடத்தில் உட்கார்ந்தது,
அதன்மேல் நான்.

வெள்ளிக்கிழமை தடவிப் பார்க்கட்டும்.
சீட்டைக் கழற்ற
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் வேண்டும்.
சாவியோடு
அதையும் கோத்து வைத்திருக்கிறேன்.