ரெட்டேரியில் ஒரு தெர்மாகோல் துண்டு

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள் நான்.
வஞ்சிரம் எத்தனை பெட்டி, சங்கரா எத்தனை கூடை,
எந்த லாஞ்சுக்கு எத்தனை பார் ஐஸ்,
பதினோரு வருஷமாக மீனை எழுதுகிறேன்.
பிடித்ததில்லை,
ஒரு நெத்திலிகூட.

பக்கத்து மேசை பெனிட்டாவும் அப்படித்தான்.
"கடல் வேணாம்டி, வாந்தி வரும்.
ஏரிக்குப் போலாம்.
அது சும்மாத்தான நிக்குது" என்றாள்.

ஆயத்தம் இவ்வளவுதான்:
ஒட்டடைக் கழி ஒன்று,
நாற்பது ரூபாய்க்கு நரம்பும் முள்ளும்,
ஈயத்துக்குப் பதில்
அவள் வீட்டுக்காரர் பைக்கில் மிஞ்சிய நட்டு,
மிதவைக்கு டிவி பெட்டியின் தெர்மாகோல்.
புழுவை நான் தொட மாட்டேன், அவளும் மாட்டாள்.
முந்தின ராத்திரிப் பரோட்டாவைப் பிசைந்து
மஞ்சள்தூள் போட்டு உருட்டினோம்,
வாசனைக்கு ஒரு சொட்டு சால்னா.

மூலக்கடை தாண்டி, மாதவரம் தாண்டி
ரெட்டேரிக் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது
மணி ஆறே முக்கால்.
மேலே சாலையில் கன்டெய்னர் லாரி போனால்
கீழே தண்ணீருக்குத் தோல் சிலிர்க்கிறது.
ஆகாயத்தாமரை விட்டுவைத்த
ஒரு பாய் அகல இடம்.
அதில் எங்கள் தெர்மாகோல்.

ஒரு மணி நேரம் அதையே பார்த்தோம்.
ஏலக் கூச்சல் இல்லாமல் ஒரு மீன் வருமென்று
நான் நம்பவே இல்லை.
நாலு தடவை ஏதோ வந்து
மாவை மட்டும் தின்றுவிட்டுப் போனது.
"எழுதிக்க, பாக்கி நாலு உருண்டை."

பத்தடி தள்ளி டில்லிபாபு,
சிவப்பு டீஷர்ட், முதுகில் சாப்பாட்டுப் பை.
ஆர்டர் வரும்வரை தூண்டில்.
அவனுக்கும் இது மூணாவது ஞாயிறுதான்,
எங்களிடம் ஒரு உருண்டை கடன் வாங்கியிருந்தான்.
போன் கூவியது.
"நாலு இட்லி, ஒரு பொங்கல்.
யக்கா, இத்தப் பாத்துக்க, தோ வந்துர்றேன்."

அவன் வண்டிச் சத்தம் திரும்பும் முன்
அவன் கழி வளைந்தது.

உள்ளங்கை அளவு ஜிலேபி.
இரண்டு கையாலும் பிடித்தேன்.
இவ்வளவு துடிக்குமென்று
நான் எழுதிய எந்த பில்லிலும் இல்லை.
முள்ளை எடுக்க வாயைத் திறந்தால்
பக்கெட்டுக்குள் கொட்டியது
கறுப்பாக, பொடியாக.
மணல் என்று நினைத்தேன்.
மணலுக்குக் கண் இருக்காது.

"வாய்ல குஞ்சு வெச்சினுருந்தா
ஒண்ணும் துண்ணாதாம்டி."
"அப்ப ஏன் கடிச்சுச்சு?"
பெனிட்டா கொஞ்சம் யோசித்தாள்.
"சால்னா."

சிரித்தோம்.
அப்புறம் சிரிக்கவில்லை.

பெரியதைத் தண்ணீரில் விட்டேன்.
சின்னவற்றை எண்ணத் தொடங்கினேன், தொழில் பழக்கம்.
முப்பத்தி ஒன்றில் அவை இடம் மாறின,
மறுபடி ஒன்றிலிருந்து.
பெனிட்டா என் கையைத் தட்டிவிட்டு
பக்கெட்டைச் சாய்த்தாள்.
தாய் போன பக்கம்தான் போயினவா,
சேறு கலங்கிவிட்டது, தெரியவில்லை.

டில்லிபாபு வந்தான்.
"கடிச்சுதாக்கா?"
"இல்லப்பா."
"மாவக் காணோமே."
"ஊறிப் போயிருக்கும்."

பதினோரு வருஷத்தில்
நான் போட்ட முதல் பொய்க் கணக்கு.
முதலாளி கேட்டிருந்தால் நாக்கு குழறியிருக்கும்.
இவனிடம் சரளமாக வந்தது.

அவன் குனிந்து புது உருண்டை செருகினான்.
"இன்னைக்கு மீன் இல்ல போல" என்றான்.
நான் ஏரியைப் பார்த்தேன்.
பெனிட்டா என் காலை மிதித்தாள்.

பக்கெட்டின் அடியில்
விளிம்போர ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்று,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
எந்தத் தராசுக்கும் தெரியாத எடை.

கால் கழுவப் போகிறவள் போல
பக்கெட்டோடு எழுந்து போனேன்.