ஒளிக்க என்ன இருக்கு

காலை ஆறு நாற்பது, கிருஷ்ணகிரி ரவுண்டானா.
வேன் கதவைச் சாத்துவதற்குள்
தீர்த்தகிரி ஆரம்பித்துவிட்டான்,
நேற்று விட்ட இடத்திலிருந்தே:
"டார்ச் அடிக்கிற ஆப்புக்கு எதுக்குங்க
நம்ம ஆளுங்க நம்பரெல்லாம்?"

அவன் லேப்டாப் கேமராவின் மேல்
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.
போனில் அவனே ஏற்றிய சிஸ்டம்.
பேங்க் ஆப் அதில் ஓடாது.
வேன் வாடகையை ஒன்றாம் தேதி
ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பான்.
திம்மராஜ் அண்ணன் எச்சில் தொட்டு எண்ணுவார்.

டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கீச்சென்றது.
"பாரு, எழுதிக்கிட்டான்."
"எழுதட்டுமே. ஓசூருக்குத்தானே போறோம்,
நிலாவுக்கா?"
பின்சீட்டில் நஸீமா, டிபன் பாக்ஸைத் திறந்தபடி.
பாஸ்வேர்டு எல்லாவற்றையும் பச்சை மையில்
ஒரே நோட்டில் எழுதி
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பவள்.
"எந்த ஹேக்கர் வந்து என் அரிசியைக் கிளறப்போறான்?"
இதற்கு மூன்று மாதமாய்
தீர்த்தகிரியிடம் பதில் இல்லை.

குருபரப்பள்ளி தாண்டும்போது
பாலக்கோட்டிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார்.
அந்த சிஸ்டத்தில் ஸ்பீக்கரை அணைக்க முடியாது.
ஆகவே அவன் சர்க்கரை அளவு,
பெண் வீட்டார் கேட்ட கேள்வி,
மூலத்துக்குச் சாப்பிடும் லேகியத்தின் பெயர்
பதினோரு பேருக்கும் தெரிந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
நஸீமா மட்டும் இட்லியைப் பார்த்துச் சிரித்தாள்.

பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினான்.
"நீங்க சொல்லுங்க. டெஸ்டிங்தானே நீங்க."

எப்போதும் சொல்வதையே சொன்னேன்:
"எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு, தீர்த்தகிரி?"

மேலுமலையில் சிக்னல் போய்விடும்.
எல்லோரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து
பாறைகளை, முன்னால் போகும் லாரியில்
பிதுங்கும் முட்டைக்கோஸ் மூட்டைகளை
முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்போம்.

சூளகிரியில் திரும்ப வந்தது.
மடியில் போன் அதிர்ந்தது.
வரைபடம் மரியாதையாகக் கேட்டது:
ராமநாயக்கன் ஏரிப் பூங்கா,
இது உங்கள் புதிய பணியிடமா?
கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

இருபத்திரண்டு நாள் ஆகிறது.
ஏழு நிமிட மீட்டிங்.
ஹெச்.ஆர். பெண்ணின் கேமரா அணைந்திருந்தது.
அன்றிலிருந்து
அதே டிபன், கழுத்தில் அதே அட்டை,
எல்லோருடனும் கம்பெனி வாசலில் இறங்கி,
வேன் மறைந்ததும் திரும்பி நடந்து
ஐந்தரை வரை மூன்றாவது பெஞ்சு.
வீட்டில் சொல்லவில்லை.
போனிடமும் சொல்லவில்லை.
ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால்
வேலை என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது.
தப்பென்று சொல்லவும் முடியவில்லை.

தீர்த்தகிரி பார்த்துவிட்டான்.
அடுத்தவர் திரையைப் படிப்பது பற்றி
போன வாரம்தான் அரை மணி நேரம் பேசினான்.
காது சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பினான்.

பேரண்டப்பள்ளி வரை பேச்சில்லை.
"என்ன, சர்வர் டவுனா?" என்றாள் நஸீமா.

பிறகு கையை நீட்டினான். கொடுத்தேன்.
செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள்ளும் போய்,
ஐந்தாறு கதவு தாண்டி
எதையோ அணைத்தான், எதையோ அழித்தான்.
திரையைக் கவிழ்த்துத் திருப்பித் தந்தான்.
"முழுசா அழியாது," என்றான், குரலைத் தாழ்த்தி.
"அவங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்."

"உங்கிட்ட?"

வாயைத் திறந்தான்.
அதற்குள் வேன் குலுங்கி நின்றது.
கம்பெனி வர இன்னும் இரண்டு கிலோமீட்டர்.
வெளியே ஏரிக்குத் திரும்பும் முனை.

"டயர் ஒண்ணைப் பாக்கணும்," என்றார் திம்மராஜ் அண்ணன்,
கண்ணாடியில் யாரையும் பார்க்காமல்.
"இறங்கறவங்க இங்கயே இறங்கிக்கலாம்."

நான் மட்டும் இறங்கினேன்.
அவரும் இறங்கிப் பின்சக்கரத்தைக் காலால் தட்டினார்,
இரண்டு முறை.
காற்று சரியாகத்தான் இருந்தது.