நிகர எடை

பர்லிங்டன் தெருக்கோடியில், ஏரிக்காற்று
தகரத்தைத் தட்டித் தட்டிப் பேசும் பழைய இரும்புக் கிடங்கில்
எடைமேடைக்கு மேலே என் கண்ணாடிக் கூண்டு.
லாரி ஏறும். பொத்தானை அழுத்துவேன்.
கொட்டிவிட்டு வரும். மறுபடி அழுத்துவேன்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் மீதி
ஹாமில்டனில் என் வீட்டு வாடகை.

ஹவ்வாஷ் கீழே இருக்கிறான், கம்பிப் பிரிவில்.
கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை.
மைனஸ் பதினெட்டிலும் வளைந்ததைக் கண்டால்
நிமிர்த்தாமல் விடமாட்டான்,
நிமிர்ந்த கம்பிக்குக் கூடுதல் காசில்லை என்று ஃபோர்மேன் சொல்லியும்.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்றொரு பழமொழி எங்களுக்கு.
அதில் சிரங்கும் வரும். அந்தப் பாதியை அவனிடம் சொல்லவில்லை.

வேறு இரண்டு சொன்னேன், தேநீர் வேளையில்:
தப்பி ஓடினால் கம்பி நீட்டிவிட்டான் என்போம்,
சிறையில் கிடந்தால் கம்பி எண்ணுகிறான் என்போம்.
முதலாவதுக்குச் சிரித்தான். "நான்" என்று நெஞ்சைத் தொட்டான்.
இரண்டாவதுக்கு, "என் தம்பி" என்றான்,
சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே.

பிப்ரவரியில் ஒருநாள் ஃபோனை நீட்டினான்.
தெல் லோஸ். பாதாம் மேடு என்று அர்த்தமாம்.
குண்டு விழுந்தபோது பாதி ஊர் போனது,
பட்டாளம் வந்தபோது மீதி ஊர் கிளம்பியது,
வீடுகள் மட்டும் நின்றன.
"அப்புறம்தான் வேலை தொடங்கியது" என்றான்,
புதிதாய்ச் சேர்ந்தவனுக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டுகிறவன் போல.
முதலில் கதவு. பிறகு சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி,
தரை ஓடு, குழாய், கழிப்பறைப் பீங்கான்.
கடைசியில் தூண்களைச் சம்மட்டியால் அடித்துக்
கூரையை அப்படியே மண்டியிட வைத்தார்கள்.
காங்கிரீட்டை நொறுக்கி உள்ளிருந்த கம்பியை உருவினார்கள்,
மீனிலிருந்து முள்ளை உருவுவதுபோல.
உடைத்தவனுக்குக் கிலோ கணக்கில் கூலி.
சோதனைச்சாவடியில் நின்றவனுக்கு லாரி கணக்கில்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஊர்
குச்சி இல்லாத தீப்பெட்டிகளாய்த் திறந்து கிடந்தது.
தன் வீட்டை இரு விரலால் பெரிதாக்கினான்.
சமையலறைச் சதுரத்தில் பச்சையாய் ஏதோ.
செடியா பாசியா தெரியவில்லை. அவனும் சொல்லவில்லை.

"எத்தனை கிலோ இருந்திருக்கும்?"

இதென்ன கேள்வி என்றிருக்கலாம். நான் கணக்குப் போடுகிறவள்.
நீளம் கேட்டேன், அகலம் கேட்டேன்.
கண்ணை மூடி அறை அறையாய் நடந்து சொன்னான்.
பன்னிரண்டு எம்எம் கம்பி, சாணுக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்கும்.
பூகம்பத்துக்குப் பயந்து மாமனார்
அதிகமாய்க் கொஞ்சம் போடச் சொன்னாராம்.

ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
அன்றைய விலைக்கு
இருநூற்று எழுபத்து மூன்று டாலர் அறுபது காசு.
மகள் ரனீமுக்குப் போன மாதம் வாங்கிய
பனிக்கோட்டும் பூட்ஸும் அதைவிட முப்பது டாலர் கூட.

"சீட்டு போட்டுக் கொடு."

கூடாது. ஒவ்வொரு சீட்டுக்கும் எண் உண்டு,
எண்ணுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.
போட்டேன்.
கொண்டுவந்தவர்: இல்லை. வண்டி எண்: இல்லை.
பொருள்: கூரை. எங்கள் விலைப்பட்டியலில்
அப்படி ஒரு பொருளே கிடையாது.
வெற்று வண்டியின் எடை என்ற கட்டத்தில்
என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
லாரி இல்லாத மேடையில், காற்று அழுத்த அழுத்தப்
பூஜ்யத்தில் நில்லாமல் ஆடும் எண்களைப்
பார்த்துக்கொண்டு நின்றான்.
"அதை விட்டுவிடு" என்றான்.

சீட்டை நான்காய் மடித்து, பட்டா மடிப்பதுபோல,
உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
கையுறை மேல் கையுறை மாட்டிக் கீழே இறங்கினான்.

மார்ச் கடைசியில் ஆடிட்டர் வந்தாள்.
நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஏழு எங்கே என்றாள்.
மை சரியாக விழவில்லை, கிழித்துவிட்டேன் என்றேன்.
தூசி படிந்த நாற்காலியில் உட்காராமல்
நின்றபடியே 'ரத்து' என்று எழுதி
பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
போட்டேன்.