நாலு நொடி பிந்தி

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
மெர்சி டியூட்டோரியலின் மாடியில்
வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி
படம் போட்டார்கள்.
நாற்காலி சுமக்கப் போனவன் நான்.
தாய்லாந்துப் படம், பேய்ப்படம் என்றான் பிரதாபன்.
பதினாலு பேர் வந்திருந்தோம்.
பேய் வருவதற்குள் ஒன்பது பேர்
கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

படத்தில் மழை பெய்தது.
பிறகும் பெய்தது.
கொசுவலைக்குள் ஒருவன் படுத்திருந்தான்.
வெகுநேரம் கழித்து
வலையின் ஒரு மூலை உயர்ந்தது.
செத்துப்போன மனைவி
ஈரக்காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள்.
அவன் அலறவில்லை.
சற்றுத் தள்ளிப் படுத்து
இடம் விட்டான்.

அவள் பம்ளிமாஸ் ஒன்றை உரிக்கத் தொடங்கினாள்.
தோல், தோலுக்குள் பஞ்சு,
சுளை, சுளையின் மேல் சவ்வு.
பின்வரிசையில் எவனோ கொட்டாவி விட்டான்.
அதுவும் படத்தில் உள்ளதுபோலவே இருந்தது.

தமிழ் எழுத்தைப் பிரதாபனே
ராத்திரி முழித்து அடித்தானாம்.
ஒத்து வரவில்லை.
அவள் பேசி, எழுந்து, போனபிறகு
ஆளில்லாத பாயின் மேல்
நாலு நொடி பிந்தி வந்தது:
குளிருதா?
வெறும் வாசலின் மேல்:
கதவைச் சாத்தாதே.
அவன் லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.
விட்டிரு மக்ளே, என்றேன்.

விடியும் காட்சியில்தான் பார்த்தேன்,
அந்த வீட்டைச் சுற்றி நிற்பது ரப்பர்.
சிரட்டைக்குப் பதில் கறுத்த கோப்பை.
மற்றபடி அதே பட்டை, அதே சரிந்த கோடு,
இறங்கலாமா என்று யோசித்து இறங்கும் பால்.

அனிற்றா வெட்டியது ஓடைக்கு அந்தப் பக்கம்.
நான் இந்தப் பக்கம்.
எட்டு வருஷம்.
மூன்று மணி இருட்டில் அவள் நெற்றி விளக்கு
இரண்டு தடவை அணைந்து எரியும்.
நானும் அணைத்துப் போடுவேன்.
எங்களுக்குள் நடந்தது இவ்வளவுதான்.
ஒருநாள் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்,
"உமக்கு யாரும் இல்லியா?"
நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள்
வெள்ளத்தை ஊற்றிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.
அடுத்த மழையில் எலிக்காய்ச்சல்.
ஆசாரிபள்ளத்தில் ஐந்து நாள்.
அந்தச் சரிவை அதற்குப் பிறகு
யாரும் பாட்டத்துக்கு எடுக்கவில்லை.

படம் விட்டு, நாற்காலியை அடுக்கிவிட்டு,
தூங்காமலே தோட்டத்துக்குப் போனேன்.
மழை விட்டிருந்தது.
நாற்பதாவது மரத்தில் கத்தி வைக்கும்போது
ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம்.
ஒரு மரம். நின்றது.
அடுத்த மரம். அங்கும்
பம்ளிமாஸ் உரிக்கிற நேரம் நின்றது.
மின்மினி என்று சொல்லிப் பார்த்தேன்.
மின்மினிக்கு இத்தனை பொறுமை கிடையாது.
இரண்டு தடவை அணைந்து எரிந்தது.
நானும் அணைத்துப் போட்டேன்,
கொஞ்சம் பிந்தித்தான்.

வெளுத்தபிறகு ஓடையைத் தாண்டினேன்.
காடு பிடித்துக் கிடந்தது.
ஒரே ஒரு மரத்தில் புது வெட்டு,
வலத்திலிருந்து இடம் சரிந்து.
அவளுக்கு இடக்கை.
ஓரம் உடைந்த சிரட்டையில்
பால், சூடு மாறாமல்.

"எந்தப் பயலுவ இப்பிடித் தலைகீழா வெட்டினது?
மரம் பட்டுப்போவும்லா" என்றார் றைட்டர் தவசிமணி.
நான்தான் என்றேன்.
இந்த முறை உடனே சொன்னேன்.
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்த வெட்டில் காய்ந்திருந்த
ஒட்டுகறையை உரித்தேன்.
அறாமல் ஒரே நாடாவாக வந்தது.
சுருட்டித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.
நாலு நாளாயிற்று,
அறை முழுக்க நாறுகிறது.

நாறட்டும்.
கொசுவலையின் ஒரு மூலையைச் செருகாமல்
சற்றுத் தள்ளிப் படுக்கிறேன்.