ஆறடிக்கு நாலடி

பர்கூரில் எந்த ஜவுளிக்கடையிலும் வெற்றிடம் கிடையாது.
தரையிலிருந்து கூரைவரை சேலை,
கூரையிலிருந்து வாசல்வரை தொங்கும் சேலை,
மிச்சத்தை மாடிப்படியில் அடுக்கிவிட்டு
வருகிறவர்களைப் பக்கவாட்டில் ஏறச் சொல்வார்கள்.
இந்த ஊரை நம்பித்தான்
"வெற்றிடமும் ஒரு சரக்கு" என்று
நான்காம் பருவத்து ப்ராஜெக்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

பதினோரு கடையில் சிரித்தார்கள்.
பன்னிரண்டாவதில் துவாரகநாத் சிரிக்கவில்லை,
கணக்குப் போட்டார்.
"ஒத்தச் சேலையத் தொங்கவிட்டா
சரக்கெடுக்கக் காசில்லன்னு நெனப்பாங்களேம்மா."
ஆனாலும் கொடுத்தார்:
ஆறடிக்கு நாலடிக் கண்ணாடி,
ஏழு நாள்,
வலக்கை இல்லாத ஓர் அரைப் பொம்மை.
கை எங்கே என்றேன்.
ஆடித் தள்ளுபடியில போச்சு என்றாள் பில் போடும் மாதம்மாள்,
யாரோ சேலையோடு சேர்த்து இழுத்ததில்.

பெங்களூரில் என் வகுப்பு
அக்ரிலிக்கில் மேகம் வெட்டிக்கொண்டிருந்தது.
என்னிடம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்.
சீசன் முடிந்து மாங்கூழ் ஆலையில் கவிழ்த்துவைத்திருந்த
மஞ்சள் கிரேட் ஒன்பது, வாடகைக்கு.
தர்மபுரி அங்காடியில் யாரும் ஏலம் கேட்காத
ஓட்டை விழுந்த பட்டுக்கூடு அரைக் கிலோ.
கே.ஆர்.பி. அணையில் மீன் வறுக்கும் அண்ணனிடம்
தூண்டில் நரம்பு, கடனாக.
ராத்திரி முழுக்கக் கூடுகளைக் கோத்து இறக்கினேன்.
நடுவில் கிரேட்டுகளின் மேல் பொம்மை,
அதற்கு அரக்குச் சிவப்பில் ஒரே ஒரு பட்டு.
மழை பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

காலையில் எதிர் டீக்கடையில் நோட்டோடு உட்கார்ந்தேன்.
நின்றவர்கள் நாற்பத்தியொன்று.
சேலையைப் பார்த்தவர்கள் ஆறு.
மற்றவர்கள்
தலை வாரினார்கள், பொட்டைச் சரிசெய்தார்கள்,
ஒரு கிரானைட் லாரி டிரைவர்
பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டார்.
வெளியே அவ்வளவு வெயில்,
உள்ளே இரண்டே ட்யூப்லைட்.
முதல் பருவத்திலேயே நடத்திய பாடம்,
மறந்துபோயிருந்தேன்.
கூடுதல் விளக்கு கேட்டேன்.
துவாரகநாத் கரண்ட் பில்லை எடுத்துக் காட்டினார்.

அன்று மதியம் பொம்மையின் தலையைத் திருகி எடுத்தேன்.
மாதம்மாள் "அய்யோ" என்று கத்திவிட்டு
அப்புறம் அவளே வெளியே போய் நின்றாள்.
கீழே, என்றாள் சைகையில்.
இன்னும் கொஞ்சம்.
ஒரு கிரேட்டை உருவினேன்.
நாலடி இரண்டங்குலத்தில்
அவள் முகம் அந்தக் கழுத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.
இடக்கையைத் தூக்கினாள்.
பொம்மைக்கு வலக்கை முளைத்தது.

அதற்குப் பிறகு எண்ணவில்லை.
நோட்டில் வேறு ஏதோ எழுதியிருக்கிறேன்:
"காலை 6.10. பேரூராட்சிப் பச்சைக் கோட்டு, துடைப்பம். இருபது நொடி."
"6.10. அதே பெண். முப்பது."
"6.05. முந்தானையைச் சரிசெய்கிறாள்.
அவளுடையதை அல்ல."
விலைச்சீட்டு எட்டாயிரத்து நானூறு.
அதை உள்பக்கமாகத் திருப்பிவைத்தேன்,
டிசைனுக்காக என்று ரிப்போர்ட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஏழாம் நாள் சேலை விற்றது.
வாணியம்பாடிக்காரர் ஒருவர், போனிலேயே,
கண்ணாடிப் பக்கம் வராமலே.
துவாரகநாத் எனக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

கருத்துக்கு நாற்பதில் முப்பத்தியொன்று.
"விளக்கமைப்பு போதாது" என்று சிவப்பு மையில்.
சரிதான்.

போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
உள்ளே மறுபடியும் தரையிலிருந்து கூரைவரை சேலை.
கண்ணாடி ஓரத்தில் மட்டும்
நாலடி இரண்டங்குலத்தில் நான் போட்ட மார்க்கர் கோடு
அப்படியே இருக்கிறது.
துடைக்கிற பையன்
அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்,
யார் சொல்லி என்று தெரியவில்லை.