துறை எண் 5050

எங்கள் கரையில் ஊர்கள் துறையில்தான் முடியும்.
பூத்துறை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை.
போர்ட் என்றால் என்னவென்று
கல்லூரியில் அரைமணி நேரம் விளக்கியபோது
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேங்காப்பட்டணம் ஐஸ் பிளான்ட் மாடி.
அம்மோனியா வாடை, ஒரு பழைய கம்ப்யூட்டர்.
நாளை நள்ளிரவு தடைக்காலம் முடிகிறது.
எந்தப் படகுக்கு எத்தனை பார் என்று
போனிலிருந்தே சொல்லும்படி
ஒரு நிரல் வேண்டுமாம் முதலாளி கிளீட்டஸுக்கு.

என் நிரலுக்குக் கம்பி தெரியாது, டவர் தெரியாது.
எலி கடித்துச் சுற்றி ஒட்டிய அந்த கேபிளும் தெரியாது.
இயங்குதளத்திடம் போய் ஒரு சாக்கெட் கேட்கிறது.
கர்னல் ஒரு எண்ணைத் தருகிறது:
மூன்று.
பூஜ்யமும் ஒன்றும் இரண்டும் முன்பே போய்விட்டன.
அரபிக்கடல்வரை உள்ளதெல்லாம்
இனி அந்த மூன்றுக்குப் பின்னால்.

5050இல் கட்டு என்றேன்.
காது கொடு என்றேன்.
வருகிறவரை ஏற்றுக்கொள் என்றதும்
நிரல் தூங்கிப்போயிற்று.
நிஜமாகவே தூக்கம்; மின்விசிறிகூட அடங்கியது.
யாராவது வந்தால் கர்னல் எழுப்பும்,
அதுவரை இவளுக்கு நேரமே கிடையாது.

கீழே எடைமேடைப் பக்கமிருந்து ஷெல்பா அனுப்பினாள்.
ஆரோக்கிய மாதா, 120 பார்.
திரையில் விழுந்தது:
ஆரோக்கிய மாதா, 12

"ரெஜிலாக்கா, பன்னெண்டு பாரு கொண்டு போனா
கணவா மண்டியில சேருமுன்ன நாறிப்போவும்!"

பூஜ்யம் தொலையவில்லை.
இரண்டாம் துண்டில் வந்து
கர்னலின் மடியில் பத்திரமாக இருந்தது.
பைட்டுகளை வரிசை தப்பாமல் தரும், அவ்வளவுதான்;
பேச்சு எங்கே முடிந்தது என்று
அதற்கு எப்படித் தெரியும்?
பேசுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.
கடைசியில் ஒரு வரிமுறிப்பு வைத்தேன்.
வரி முறிகிற இடம்வரை படி,
அதற்கு முன் எதையும் நம்பாதே.

நிறுத்தி, மறுபடி ஓட்டினால் மறுப்பு:
முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்.
யாருடைய பயன்பாட்டில்? நான்தானே கொன்றேன்.
பார்த்தால், இறந்த இணைப்புக்கு
அறுபது நொடி இடம் பிடித்து வைத்திருக்கிறது கர்னல்.
எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் பழைய பொட்டலம்
தாமதமாக வந்து
புதிய பேச்சில் புகுந்துவிடக் கூடாதாம்.

கீழே டின்னிலிருந்து ஒரு பார் வழுக்கி
சிமெண்டில் சறுக்கிப் போகும் சத்தம்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
இந்தக் காவலை மீற ஒரே வரி போதும்,
எல்லா நிரலரும் எழுதுகிற வரி.
நானும் எழுதினேன்,
ஐம்பத்திரண்டாவது நொடியில்,
வெட்கத்தோடு.

"அக்கா, இப்ப அனுப்பவா?"

நில்லு ஷெல்பா.
அந்த எட்டு நொடியும் போகட்டும்.