எடைக்குப் போனது

முனீஸ்வரன் கோயில் தெருவில்
தேக்குக் கட்டில் கால்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி.
பழுப்பேறிய பல்லின் நிறம்.
முகப்பில் டர்போ பொத்தான்,
இரண்டு இலக்கம் காட்டும் கறுப்புக் கண்ணாடி,
வட்டமாய் ஒரு பூட்டு. பூட்டில் சாவி, சாவியில் நூல்,
நூலில் அட்டை: கேஷியர் மேசை.

முன்னூறு என்றார் சாத்தப்பன்.
உள்ளே ஒண்ணுமில்லையே என்றேன்.
"ஒண்ணுமில்லாததுக்குத்தான் முன்னூறு.
இருந்திருந்தா முப்பதுக்கே போயிருக்கும்."

ஒன்றுமில்லை என்பதும் பொய்.
குளவி கட்டிய மண்வீடுகள் மூன்று,
ஒரு குண்டூசி,
தொண்ணூற்றாறாம் வருட வட்டிச் சீட்டில் கால்வாசி.

பழைய பெட்டிகள் கடிக்கும்.
ஓரம் மழிக்காத தகரம்
முதல் நாளே மோதிரவிரலைக் கேட்டது.
புதுப் பலகையின் நான்கு துளையில் மூன்று பொருந்தின;
நான்காவதற்குக் கல்யாணப் பத்திரிகையை மடித்துக் கொடுத்தேன்.
கைநழுவிய திருகு
ஆத்தங்குடித் தரையின் பூவுக்குள் போய்
மகரந்தமாகிவிட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டு பதினோரு அங்குலம்,
இடம் பத்தரை.
கல்லூரிச் சாலைப் பட்டறையில் சிக்கந்தர்
கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"புதுப் பெட்டி என்ன விலைம்மா?"
சொன்னேன்.
"அறுக்குற கூலி அதுக்கு மேல வரும்."
"தெரியும். அறுங்க."

அந்தக் காலத்துப் பொத்தான்
அழுத்தினால் அழுந்தியே நிற்கும்.
இந்தக் காலத்துப் பலகைக்கு ஒரு தொடல் போதும்,
அழுத்திப் பிடித்தால் செத்துவிடும்.
பொத்தானின் வயிற்றைத் திறந்தேன்.
தலைமயிர் அளவு ஒரு கம்பி.
அதுதான் பிடிவாதம்.
பிடுங்கினேன்.

மின்சாரம் கொடுத்ததும் சிவப்பாய் எழுந்தது அறுபத்தாறு.
வேகமாம்.
பின்னால் ஊசிகள், ஊசிகளுக்குச் சின்னச் சின்னத் தொப்பிகள்.
தொப்பியை மாற்றினால் எண் மாறும்.
அது எதையும் அளந்ததே இல்லை.
நானாவது உண்மையைப் போடலாமே என்று
என் வயதை வைத்தேன்:
முப்பத்தொன்பது.

எதற்கு இவ்வளவு பாடு என்றால்,
கானாடுகாத்தானில் விடுதியாகப் போகும் வீடுகளுக்கு
வரைபடம் போடுவது என் பிழைப்பு.
கண்ணாடிப் பக்கமும் வானவில் விசிறியுமாய் மினுக்கிய முந்தையது
போன ஐப்பசியில் ஜன்னல் வழியாகப் போயிற்று.
இதை எவன் தூக்குவான்?

எந்தத் திருடனும் தூக்கவில்லை.
நான் மதுரை போயிருந்த போகியன்று
தம்பி அடைக்கலம் வீட்டைச் சுத்தம் செய்தான்.
ஒன்பது கிலோ, கிலோ முப்பது.
இருநூற்றெழுபது ரூபாயை
உப்பு ஜாடிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தான்.

பத்து நாள் இரும்புக்கடைகளில் அலைந்து
கடைசியில் அதே தெரு.
சாத்தப்பன் வயரைச் சொருகியிருந்தார்.
உள்ளே என் விசிறிகள் பாடின. விலை எட்டாயிரம்.
புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் குனிந்து பார்த்தார்.
"இது என்ன, முப்பத்தொன்பது?"
"வெப்பம் சார். கடைக்குள்ள எவ்வளவுன்னு காட்டும்."
தை மாதக் காற்றில் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கல்லாவுக்கு மேலிருந்த டிவியில்
'உமையாள்' என்று என் பெயர்,
கீழே கடவுச்சொல்லுக்கான காலிக் கட்டம்.

பையிலிருந்து நூல் கட்டிய சாவியை எடுத்து
பூட்டில் நுழைத்துத் திருப்பினேன்.
அந்தப் பூட்டு எதையும் பூட்டாது.
அதன் வயரை நான் இணைக்கவே இல்லை.
ஆனால் அந்த 'டக்' சத்தம்
கடையில் எல்லோருக்கும் கேட்டது.

சாத்தப்பன் அட்டையைப் படித்தார்,
என்னைப் பார்த்தார்.
"அப்ப கேஷியர் நீங்கதானா?
இரும்புக்காரனுக்கு முன்னூறு குடுத்தேன்.
அதைக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."
புதுச்சேரிக்காரர் தயங்கி,
அந்த வெப்பமானி மட்டும் கிடைக்குமா என்றார்.

ஆட்டோவில் மடிமேல் வைத்திருந்தேன்.
தகரம் இன்னும் சூடாக இருந்தது.
மாசி பிறந்ததும் மறக்காமல்
தொப்பியை மாற்றிச் செருக வேண்டும்:
நாற்பது.